பெலிசியா டாக்டர் போட்ட பெருக்கல் குறி

என் தம்பி பெண்டாட்டி பெலிசியா பல் டாக்டர். திருப்பாதிரிப்புலியூரில் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் அவளுடைய கிளினிக் இருக்கிறது. அங்கே முன்பக்க மேஜையில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பவள் நான், சவரிமேரி. அவளுக்கு நாத்தனார். நாத்தனார் சொல்லும் கதையை நம்பலாமா என்று கேட்பீர்கள். நம்பாதீர்கள். பெலிசியாவும் நம்ப மாட்டாள். அவள் இந்த உலகத்தில் எதையுமே நம்பினதில்லை.

சந்தேகம் அவளுக்குப் புகுந்த வீட்டில் வந்த வியாதி இல்லை, கூடவே கொண்டுவந்த சீதனம். பிறந்து வளர்ந்தது கடலூர் ஓ.டி.யில், பழைய பட்டணத்தில். அவள் அம்மா மீன் வாங்கப் போனால் ஒவ்வொரு மீனின் செவுளையும் தூக்கிப் பார்ப்பாளாம். மகள் அதற்கும் மேல். பெண் பார்க்கப் போன அன்றைக்கு, மாப்பிள்ளைக்கு மின்வாரியத்தில் வேலை என்று நாங்கள் சொன்னதும் எழுந்து உள்ளே போனாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்து நாங்கள் பூரித்துப்போனோம். அப்புறம்தான் தெரிந்தது, என் தம்பி லூர்து பிரகாஷின் ஆபீசுக்கே போன் போட்டு, இந்தப் பெயரில் இப்படி ஒருத்தர் இருக்கிறாரா என்று விசாரித்திருக்கிறாள். அடி ஆத்தி, இவளிடம் எப்படிக் குப்பை கொட்டப்போகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்தக் குணம் அவள் தொழிலுக்கு நன்றாகவே உதவியது. சிதம்பரத்தில் படித்த காலத்திலிருந்து அவளுக்குச் சாமான் கொடுப்பவர் மேல வீதிப் பக்கம் கடை வைத்திருக்கும் எழிலன். பாவம் அந்த மனிதர். ஒரு ஸ்பாட்டுலா வாங்க இவளுக்கு அரை நாள் வேண்டும். காம்போசிட் என்பது பல் நிறத்தில் இருக்கும் ஒரு மாவு. நீல வெளிச்சம் பட்டால் கல்லாக இறுகிவிடும். அதை அள்ளி வைக்கிற கருவிதான் ஸ்பாட்டுலா; அதில் மாவு ஒட்டிக்கொண்டால், வைத்ததையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அதனால் கையோடு கொஞ்சம் மாவைக் கொண்டுபோய், கடையிலேயே ஒரு கண்ணாடித் துண்டில் வைத்து, ஒவ்வொரு ஸ்பாட்டுலாவாகத் தொட்டு எடுத்துப் பார்ப்பாள். நுனி கொஞ்சம் தடிமனாக இருந்துவிட்டால் போச்சு.

"இது என்னா எழிலன், தோசைத் திருப்பியா?" என்பாள்.

மேட்ரிக்ஸ் தகடு வாங்குவது அதைவிடக் கூத்து. தட்டையான தகட்டைத் தொடவே மாட்டாள். பல்லுக்கு வயிறு இருக்கிறதாம், அந்த வயிற்றுக்கு ஏற்ற மாதிரி வளைந்ததுதான் வேண்டுமாம். அதிலும் சின்னப் பல்லுக்கு ஓர் அளவு, கடைவாய்ப் பல்லுக்கு ஓர் அளவு, சொத்தை ஈறுக்குக் கீழே இறங்கியிருந்தால் அதற்கென்று அடிப்பக்கம் நீண்ட ஒன்று. நகத்தின்மேல் வைத்து அழுத்தி, வளைவு நிற்கிறதா என்று பார்ப்பாள். பிடுங்கின பற்களை வீட்டில் பிளாஸ்டரில் வரிசையாகப் பதித்து வைத்திருக்கிறாள். அதில் பூட்டிப் பார்த்துத் தேறினது மட்டும்தான் நோயாளி வாய்க்குள் போகும்.

இரண்டு பல் ஒட்டும் இடத்தில் சொத்தை வந்தால் அடைப்பது லேசான காரியம் இல்லை. கட்டட வேலையில் சென்ட்ரிங் அடிக்கிற மாதிரி தகட்டை நிறுத்தி, அடியில் ஒரு சின்ன ஆப்பைச் சொருகி, மேலே ஒரு ரிங்கை மாட்டுவாள். ரிங் என்றால் விரலில் போடுவது இல்லை. வாய் திறந்த கம்பி வளையம், ஸ்பிரிங் மாதிரி இறுக்கும். அது இரண்டு பல்லையும் மயிரிழை விலக்கிப் பிடிக்கும். மாவு இறுகின பிறகு ரிங்கையும் தகட்டையும் எடுத்தால், பற்கள் திரும்ப நெருங்கி ஒட்டிக்கொள்ளும். ரிங்கில் பிடிப்பு இல்லையென்றால் தகட்டின் தடிமனுக்கு ஒரு சந்து நின்றுவிடும். அப்புறம் தின்பதெல்லாம் அங்கேதான் குடியிருக்கும்.

இந்தத் தகடு, ஆப்பு, ரிங் எல்லாவற்றையும் பெலிசியா கேட்பதற்கு முன்னாலேயே கையில் வைப்பவள் ஆரோக்கிய ஜெனிபர். ஓ.டி. சர்ச் பங்கைச் சேர்ந்த பெண். அப்பா இல்லை. ப்ளஸ் டூ முடித்த கையோடு எங்களிடம் வந்தவள், வருஷக்கணக்கில் எங்களோடுதான் இருந்தாள். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அப்போதுதான் அவளுக்குக் காடாம்புலியூரில் ஒரு இடம் கூடி வந்தது. பையனுக்கு முந்திரிக் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. பூ வைக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அம்மா என்னிடம் வந்து, "பொண்ணுக்குன்னு நாங்க போட்டு அனுப்பறது நல்ல பேரு ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தச் சமயத்தில் ஒருநாள் ஒரு ரிங் காணாமல் போனது. கழற்றிப் போட்ட கையுறையோடு குப்பைக்குப் போயிருக்கலாம், பஞ்சோடு போயிருக்கலாம். இன்றுவரை தெரியாது. நான் இதைச் சொன்னபோது பெலிசியா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் நானும் ஒரு கேஸ்.

மறுநாளிலிருந்து ரிங்குகள் அவள் பொறுப்பு. கிளினிக்கை மூடும் முன், கழுவித் துடைத்த ரிங்குகளை ஒவ்வொன்றாக இடுக்கியால் விரித்து, போர்டில் எழுதுகிற தடித்த மார்க்கர் பேனாவின்மேல் வரிசையாக இறுக்கி மாட்டினாள். மாட்டி முடித்து, எல்லா ரிங்கின் மேலும் போகிற மாதிரி நேராக ஒரு மைக்கோடு இழுத்தாள். யாராவது ஒன்றைத் தொட்டு நகர்த்தினாலும் கோடு கோணிவிடும், அதுதான் ஏற்பாடு. பிறகு அலமாரியில் வைத்துப் பூட்டு. காலையில் கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அவை ஆவியில் கிருமி கொல்லுகிற ஆட்டோகிளேவுக்குப் போகும். தினமும் இந்தப் பூஜை நடந்தது. ஜெனிபர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்குத்தான் சங்கடமாக இருந்தது.

கொஞ்ச நாள் போனது. காடாம்புலியூர் ராஜமாணிக்கம் வந்தார். பலாத்தோப்பும் முந்திரியும் வைத்திருக்கிறவர், வாயாடி, ஆனால் கெட்ட மனிதர் இல்லை.

"டாக்டரம்மா, நீங்க அடைச்ச பல்லுல பலாச்சுளை நார் போயி சிக்கிக்கிது. எங்க ஊர்ல இருந்துகிட்டு சுளை தின்னாம எப்படி இருக்கறது?"

பெலிசியா இரண்டு பல்லுக்கும் நடுவே நூல் விட்டுப் பார்த்தாள். பற்கள் ஒட்டியிருந்தால் நூல் டக்கென்று சத்தம் போட்டு இறங்க வேண்டும். இது வழுக்கிக்கொண்டு போனது. அவள் முகம் செத்துவிட்டது. பிரித்துத் திரும்ப அடைத்தாள். அந்த மாதத்திலேயே இன்னும் சில பேர் வந்தார்கள். ஒருத்தருக்கு ஆட்டுக்கறி, ஒருத்தருக்குக் கீரைத்தண்டு. எல்லாம் அவள் அடைத்த இடத்தில்.

"ரிங்கு லூசாயிடுச்சு அண்ணி" என்றாள். "புது ரிங்கு. எப்படி லூசாவும்?"

"சரக்கு மட்டமா இருக்கும்."

"நான் பாக்காமயா வாங்கினேன்?"

அதுவும் சரிதான். அவள் பார்க்காமல் வாங்கினால் கடல் வற்றிவிடும். எழிலனுக்குத் திருப்பி அனுப்பினாள். அவர் முணுமுணுக்காமல் வேறு கொடுத்தார். அதுவும் சில வாரத்தில் தளர்ந்தது. மறுபடி அனுப்பினாள். மறுபடி வந்தது, மறுபடி தளர்ந்தது. அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாயைத் திறந்தால் ரிங், மூடினால் ரிங். என் தம்பி, "நானும் ஒரு ரிங்கு போட்டுதான் இவகிட்ட மாட்டுனேன்" என்று சொல்லிச் சிரித்து, அன்றைக்கு முழுக்கத் திட்டு வாங்கினான்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சிதம்பரத்தில் ஒரு வரவேற்புக்குப் போய்விட்டு நானும் அவளும் திரும்பிக்கொண்டிருந்தோம். பஸ் ஸ்டாண்டை விட்டு வண்டி நகரும்போது பெலிசியா என் கையைப் பிடித்து அழுத்தினாள். டீக்கடை ஓரத்தில் எழிலனும் ஜெனிபரும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஜெனிபருக்குச் சித்தி வீடு சிதம்பரத்தில்தான், ஞாயிற்றுக்கிழமையில் அவள் போவது எனக்கே தெரியும். சொன்னேன். பெலிசியா காதில் அது ஏறவே இல்லை. பஸ் ஆலப்பாக்கத்தைத் தாண்டியது. அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"ஒரிஜினல இவ எடுத்துக் குடுக்கறா. அவரு டூப்ளிகேட்ட தள்ளிவுடறாரு."

"அடிப்பாவி, டீக்கடையில நின்னு பேசுனா குத்தமா? பூட்டு உங்கிட்ட, சாவி உங்கிட்ட, கோடு வேற போட்டு வச்சிருக்க."

"பகல்ல எல்லாம் அவ கையிலதான அண்ணி இருக்குது?"

சந்தேகப்படுகிறவர்களிடம் இதுதான் தொல்லை, எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பார்கள்.

அடுத்து வந்த ரிங்குகளில் யாருக்கும் சொல்லாமல் ஒரு வேலை செய்தாள். ஒவ்வொன்றின் உட்பக்கமும் பல் குடைகிற மிஷினால் எறும்புக்கண் அளவுக்கு ஒரு பெருக்கல் குறி போட்டாள். என்னிடம் மட்டும் காட்டினாள், அதுவும் நான் கவனித்துவிட்டதால். ரிங் தளர்ந்து, குறியும் இல்லையென்றால் மாற்றினது உறுதி என்பது அவள் கணக்கு. எனக்குப் பயமாக இருந்தது. கல்யாணத்துக்கு நிற்கிற பெண். ஓ.டி.யில் ஒரு பேச்சு கிளம்பினால் ஞாயிறு பூசைக்கு அந்தப் பெண் வந்து சேரும் முன் பேச்சு வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். இதை அவளிடம் சொல்லியும் பார்த்தேன்.

"தப்பு செய்யலன்னா அவளுக்கு என்னா பயம்?" என்றாள்.

ராஜமாணிக்கத்துக்கு அந்தப் பல் திரும்பவும் தொல்லை கொடுத்தது. ஒரு சாயங்காலம் வந்து நாற்காலியில் சாய்ந்திருந்தார். பெலிசியா ரிங்கை மாட்டினாள். அது பல்லில் நிற்காமல் நழுவி அவர் நாக்கின்மேல் விழுந்தது. எடுத்து விளக்குக்கு நேரே பிடித்து உட்பக்கத்தைப் பார்த்தாள். கண்ணில் பூதக்கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பார்த்தாள், ஆனால் கோபத்தோடு பார்த்தாள். குறியைக் காணோம்.

"ஜெனிபர், உன் பைய எடுத்துட்டு வா."

"என்னாங்க மேடம்?"

"பையத் தொறந்து காட்டு."

நான் ஓடினேன். "பெலிசியா, வேணாம்டி" என்றேன். அவள் திரும்பக்கூட இல்லை. ஜெனிபர் பையைக் கொண்டுவந்து டிரே வைக்கிற மேஜையில் வைத்தாள். ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். டிபன் பாக்ஸ், குடை, ஜெபமாலை, சீப்பு, தலைவலி மாத்திரை. கடைசியில் செய்தித்தாளில் சுற்றிய நாப்கின். அதையும் மேஜையில் வைத்து, தாளைப் பிரித்து விரித்தாள்.

"இதையும் பாத்துக்குங்க மேடம்."

ராஜமாணிக்கம் வாயில் பஞ்சோடு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ரிங் எதுவும் இல்லை. பெலிசியா கையுறையைக் கழற்றினாள். ஜெனிபர் எல்லாவற்றையும் திரும்ப அடுக்கி, டிரேயைக் கழுவி வைத்துவிட்டு, "வரேங்கா" என்று என்னிடம் சொல்லிக்கொண்டு போனாள். அப்புறம் அவள் வரவில்லை.

நான் பயந்தது நடந்தது. காடாம்புலியூரில் ராஜமாணிக்கத்தின் வாய் சும்மா இருக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் ஜெனிபரின் அம்மாவுக்குப் போன் செய்து, "பொண்ணு ஏன் வேலைய விட்டு நின்னுச்சு?" என்று கேட்டார்களாம். பூ வைக்கிற நாளைத் தள்ளிப்போட்டார்கள். அந்த அம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்று அழுதாள். எனக்கு வந்ததே கோபம். நேரே பெலிசியாவிடம் போனேன்.

"உன் ரிங்கு ஒரு பொண்ணு வாழ்க்கையில போயி மாட்டிகிச்சு. வா, சிதம்பரத்துக்கு. எழிலனையே நேருல கேளு. கேட்டுட்டு அப்புறம் பேசு."

அவளும் அதற்குத்தான் காத்திருந்தாள். எழிலனைக் கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று, மார்க்கர் பேனாவை ரிங்குகளோடு அப்படியே, கோடு கலையாமல் ஒரு டப்பாவில் வைத்து எடுத்துக்கொண்டாள். சாட்சியாம்.

கடையில் எழிலன் மட்டும் இருந்தார். நழுவி விழுந்த ரிங்கை மேஜையில் வைத்தாள்.

"இது நீங்க குடுத்த ரிங்கு இல்ல. நான் குறி போட்டிருந்தேன்."

"எங்க போட்டீங்க மேடம், காட்டுங்க."

"இங்க. இருந்தாத்தான காட்டறதுக்கு?"

காட்டுவதற்காகவே கடையில் இருந்த ஒரு ஊசிக்கருவியை எடுத்து அந்த இடத்தைச் சுட்டினாள். ஊசி எதிலோ தட்டுப்பட்டது. சுரண்டினாள். வழிந்து இறுகிப்போன காம்போசிட், மெல்லிய ஏடாகப் பெயர்ந்து வந்தது. அடியில் பெருக்கல் குறி.

எழிலன் குனிந்து அதைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"நானும் ஒண்ணு சொல்லிடறேன் மேடம். நீங்க ஆன்லைன்ல எங்கியோ மட்டமான ரிங்கு வாங்கி, என் டப்பாவுல போட்டுத் திருப்பி அனுப்பறீங்கன்னு நெனச்சேன். அந்தப் பொண்ண பஸ் ஸ்டாண்டுல பாத்து கேட்டேன். என்னா சண்ட போட்டுச்சு தெரியுமா? 'எங்க டாக்டர் செத்தாலும் அந்த மாதிரி செய்ய மாட்டாங்க, வார்த்தைய பாத்துப் பேசுங்க சார்'னு கத்திட்டு, வாங்கின டீய அப்படியே வச்சுட்டு போயிடுச்சு."

பெலிசியா டப்பாவைத் திறந்து மார்க்கர் பேனாவை எடுத்தாள். அதிலிருந்து ஒரு ரிங்கைக் கழற்றினாள். கழற்றவே வேண்டியிருக்கவில்லை, லேசாக இழுத்ததும் வந்தது. எழிலன் கடையிலிருந்த புது ரிங் ஒன்றைப் பக்கத்தில் வைத்தாள். புதிதின் இரண்டு கால்களும் முட்டிக்கொண்டு நின்றன. இவளுடையது கொட்டாவி விட்டுக்கொண்டு கிடந்தது. பேனாவைப் பார்த்தாள், ரிங்கைப் பார்த்தாள். கடைவாய்ப் பல்லைவிட ஒன்றரை மடங்கு தடிமன் அந்தப் பேனா. விடிய விடிய அதில் விரிந்து நின்றால் எந்தக் கம்பிதான் திரும்பி வரும்?

"அண்ணி, நான்தான்" என்றாள். "தெனமும் நானே இழுத்து இழுத்துக் கெடுத்திருக்கேன்."

தொப்பென்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை. திட்டலாம் என்று வாய் வரைக்கும் வந்தது, முடியவில்லை.

மறுநாளே அவளைக் காடாம்புலியூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ராஜமாணிக்கம் வீட்டில் உட்கார்ந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் அவள் வாயாலேயே சொல்ல வைத்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அந்தப் பொண்ணு தாளப் பிரிச்சது இன்னும் என் கண்ணுலயே நிக்குது டாக்டரம்மா" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு எங்களையும் அழைத்துப் போய், மாப்பிள்ளை வீட்டில் தன் பேச்சைத் தானே திருப்பி எடுத்துக்கொண்டார். பெலிசியா அந்த மாப்பிள்ளையின் அம்மாவிடம், "தப்பு என்னோடது" என்று கைகூப்பினாள். அவர்களும் நல்லவர்கள். பூ வைக்க வேறு நாள் குறித்தார்கள். அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன்.

ஜெனிபர் சித்தி வீட்டில் தங்கி, சிதம்பரத்தில் வேறொரு பல் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். தேடிப் போனோம். வெளியே நாலைந்து பேர் காத்திருந்தார்கள். பெலிசியா அவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

"ஜெனி, நான் உன்ன சந்தேகப்பட்டது தப்பு. ரிங்க கெடுத்தது நான். என்ன மன்னிச்சுடு."

"சரிங்க மேடம்" என்றாள் ஜெனிபர். முகத்தில் கோபமே இல்லை. அது எனக்கு என்னவோபோல் இருந்தது. "கல்யாணத்துக்கு வந்துடுங்க. அக்கா, நீங்களும்."

"வேலைக்கு வந்துடு ஜெனி. இனிமே பூட்டு, சாவி ஒண்ணும் கெடயாது."

"வேணாம் மேடம். இங்கியே இருந்துக்கறேன்."

அவளுக்கு வேலை முடிகிற நேரம். உள்ளேயிருந்து அந்த கிளினிக் டாக்டர் வந்தார். சின்ன வயசுப் பெண், இப்போதுதான் படித்து முடித்த முகம். நாங்கள் யார் என்று தெரிந்ததும் எங்களைத் தன் அறைக்குள் அழைத்து, பெலிசியாவிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"மேடம், உங்க கிளினிக்ல அது ரூலா?"

"எது?"

கேட்டு முடிக்கவில்லை, ஜெனிபர் தன் பையை எடுத்துக்கொண்டு டாக்டரின் மேஜைக்கு வந்துவிட்டாள். ஜிப்பைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைக்க ஆரம்பித்தாள். டிபன் பாக்ஸ், குடை, ஜெபமாலை.

"ஐயோ, வேணாம்மா, தெனம் சொல்றேன்ல" என்றார் அந்த டாக்டர். "நான் என்னைக்காவது கேட்டேனா?"

"இருக்கட்டும் டாக்டர்" என்று சொல்லிவிட்டு, காலியான பையைக் கவிழ்த்து ஒருமுறை உதறிக் காட்டினாள். அப்புறம் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே வைத்து ஜிப்பை மூடி, "வரேன் மேடம், வரேங்கா" என்று எங்களிடமும் சொல்லிக்கொண்டு படியிறங்கினாள்.

பெலிசியா அந்தச் சின்ன டாக்டரின் கேள்விக்கு அப்போதுதான் பதில் சொன்னாள்.

"ஆமாம்மா. நான் போட்ட ரூல்தான்."